லேமினேஷன் போட்ட ரசீது

என் இடது இடுப்புக்கென்று வங்கியில் தனியாகப் பணம் கிடந்தது. என் பெயரில்தான் கிடந்தது. ஆனால் அது என் பணம் இல்லை. இதை உறவுக்காரர்களுக்குப் புரியவைக்க ஏழு வருடம் முட்டி மோதித் தோற்றுப்போனேன். கடைசியில் எனக்கே அந்தப் பணம் தேவைப்பட்டபோது, வங்கியில் இருந்தவர்களும் நீதிமன்றத்தில் இருந்தவர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களும் சேர்ந்து அதே பாடத்தை எனக்கு நடத்தினார்கள்.

விபத்து நடந்தது காளவாசலில். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. தட்டச்சு, நகல், ஸ்கேன், லேமினேஷன், ஆன்லைனில் விண்ணப்பம் எல்லாம் பார்ப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு தயிர் வாங்கிவரச் சாலையைக் கடந்தேன். சிக்னல் விழுந்த பிறகுதான் கடந்தேன். இதை போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. ஒரு சரக்கு வேன் சிக்னலை மதிக்காமல் திரும்பி, என்னைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய் நின்றது. இடது இடுப்பு மூட்டு நொறுங்கிவிட்டது.

அன்றைக்கு அரசுக் காப்பீட்டு கார்டு எங்களைக் காப்பாற்றியது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கார்டை எடுத்துக்கொள்ளும் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், காசு வாங்காமல், உடைந்த மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "இது ஒரு பத்து வருஷம் தாங்கும்மா. தேஞ்சு போச்சுன்னா மாத்திக்கணும். அந்த ஆபரேஷன் இதைவிடப் பெருசு" என்றார். வேறு யாராக இருந்தாலும் சரி டாக்டர் என்று கும்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். நான் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தித் தரச் சொன்னேன். என் பிழைப்பே தாளோடுதான். தாளில் இல்லாத பேச்சை நான் நம்புவதில்லை.

அந்தத் தாள்தான் பிறகு வேலை செய்தது. நஷ்டஈட்டு வழக்கு மூன்று வருடம் இழுத்தது. தீர்ப்பு வந்தபோது, செலவுக்கும் வேலை இழப்புக்கும் ஒரு தொகையை என் கையில் கொடுக்கச் சொன்ன நீதிபதி, எதிர்கால அறுவை சிகிச்சைக்கு என்று மூன்று லட்சத்தைத் தனியாகப் பிரித்து, வங்கியில் வைப்புத் தொகையாகப் போடச் சொன்னார். அந்த ஆபரேஷன் வரும்போது மனுப் போட்டு, நீதிமன்ற உத்தரவோடுதான் எடுக்க முடியும். வங்கி வைப்பு ரசீதின் முகத்தில் சிவப்பு மையில் அதை முத்திரையாகவே குத்திக் கொடுத்தார்கள்.

கையில் வந்த பணம் வந்த வேகத்தில் கரைந்தது. பழைய கடன், மகளின் நர்சிங் படிப்பு, ஒழுகிக்கொண்டிருந்த கூரை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த மூன்று லட்சத்தை மட்டும் நான் தொடவில்லை. தொடவும் முடியாது. ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை.

கோச்சடையில் எங்கள் தெருவில் என் இடுப்புப் பணத்தைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. "சும்மா கெடக்குற பணந்தானக்கா" என்பதுதான் எல்லோருடைய பேச்சுக்கும் தொடக்கம். ஒருத்தருக்கு ஆட்டோ வாங்க முன்பணம் வேண்டும். ஒருத்தருக்கு மகனின் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்க வேண்டும். என் கணவரின் பெரியப்பா மகன் ஒருவர், காதுகுத்து வீட்டுப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாம்பாரைப் பிசைந்தபடி, "ரசீதுக்குப் பின்னாடி ஸ்டாம்ப் ஒட்டி ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தாப் போதும் தாயி. மேனேஜர் நமக்குத் தெரிஞ்சவருதான். கோர்ட்டு உத்தரவெல்லாம் சும்மா பேச்சு" என்றார். பந்தியில் இருந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முடியாது என்று அந்த இடத்தில் சொன்னால், காது குத்திய பிள்ளையைவிட நான்தான் அன்றைக்குப் பேச்சாகியிருப்பேன்.

எங்கள் பக்கம் நேருக்கு நேர் இல்லை என்று சொல்வது கெட்ட வழக்கம். பார்க்கிறேன், கேட்டுச் சொல்கிறேன், அவர் வரட்டும் என்று சுற்றிச் சுற்றித்தான் இல்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு அந்தச் சுற்று வராது. கோபம்தான் வரும். அன்றைக்கு இரவெல்லாம் புழுங்கிவிட்டு, மறுநாள் கடைக்குப் போனதும் ஒரு காரியம் செய்தேன். லேமினேஷன் மெஷினைச் சூடேற்றி, ரசீதை முன்னும் பின்னும் பிளாஸ்டிக் வைத்து உள்ளே விட்டேன். அது பளபளவென்று, கெட்டியாக, சூடாக மறுபக்கம் வந்தது. பின்பக்கம் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தின் மேல் பிளாஸ்டிக். இனி எவனும் என்னைக் கையெழுத்துக் கேட்க முடியாது.

அன்றைக்கு எனக்கு இருந்த திருப்தியை இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பத்திரம், பாண்டு எதைக் கொண்டுவந்தாலும், "இதுக்கு லேமினேஷன் போடாதீங்க, நாளைக்கு இதுல எழுத வேண்டிவரும்" என்று ஊரார் எல்லோருக்கும் சொல்லி அனுப்பியவள் நான்.

அது நன்றாக வேலை செய்தது என்பதுதான் கொடுமை. பெரியப்பா மகன் வந்தபோது காட்டினேன். "ஒட்டிட்டேன். இனி ஆபரேஷனுக்குத்தான் தொறக்கும்" என்றேன். அவர் அதைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கேட்க வந்தவர்களுக்கெல்லாம் பீரோவிலிருந்து அதை எடுத்துக் காட்டினேன். வாயால் இல்லை என்று சொல்லும் வேலையை அந்த பிளாஸ்டிக் எனக்காகச் செய்தது.

அடுத்த வருடம் என் நாத்தனார் வந்தாள். என் கணவரின் ஒரே தங்கை, சோழவந்தானில் வாக்கப்பட்டவள். குத்தகைக்கு இடம் பிடித்து வெற்றிலைக் கொடிக்கால் போட்டிருந்தாள். எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் ஈரத்துணி சுற்றிய வெற்றிலைக் கட்டோடு வருவாள். அன்றைக்கு வெறுங்கையோடு வந்தாள். முந்தின வாரம் அடித்த காற்றில் அகத்தி மரங்கள் சாய்ந்து, அதில் ஏறியிருந்த கொடி மொத்தமும் மண்ணில் கிடந்தது. திரும்ப நட்டு எடுக்கவும் குத்தகைப் பாக்கிக்கும் ஒரு லட்சம் வேண்டும் என்றாள்.

"ஆறு மாசத்துல தந்துருவேன் மதினி. உங்க காலுக்குன்னு வச்ச பணம்னு தெரியும். தெரிஞ்சேதான் கேக்குறேன்" என்றாள்.

நான் பீரோவைத் திறந்து ரசீதை எடுத்துக் காட்டினேன். மற்றவர்களுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். அவள் அதை வாங்கி, முன்னால் பார்த்தாள், திருப்பிப் பின்னால் பார்த்தாள். விரலால் ஓரத்தைத் தடவினாள்.

"நல்லா ஒட்டியிருக்கீங்க மதினி" என்றாள்.

காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். என் கணவர் வேலை பார்க்கும் வெற்றிலை மண்டியிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். பேசாமல் இருப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் வழக்கை நடத்திய வக்கீலம்மா அந்தக் காலத்திலேயே, "அவசரம்னா சொல்லுங்க, ஏதாச்சும் காரணம் காட்டி ஒரு மனுப் போட்டுப் பாக்கலாம், சில நேரம் குடுத்துருவாங்க" என்று சொல்லியிருந்தார். ஆகவே வழியே இல்லை என்பது பொய். கேட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு லட்சம் குறைந்தால் என் இடுப்புக்கு என்ன ஆகும் என்று பயந்தேன். அந்தப் பயத்தைச் சொல்லாமல், பிளாஸ்டிக்கைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வந்து, செய்முறை செய்து, சாப்பிட்டுவிட்டு, என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனாள்.

டாக்டர் சொன்ன பத்து வருடம் சொல்லிவைத்த மாதிரி வந்தது. முதலில் படி ஏறும்போது வலித்தது. பிறகு உட்கார்ந்தால் எழ முடியவில்லை. கடையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதைப் பிடித்துத்தான் எழுந்தேன். பஸ்ஸில் கண்டக்டர்கள், "பெரியம்மா, மெதுவா" என்றார்கள். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. இடது கால் அரை அங்குலம் குட்டையாகிவிட்டது என்று எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னார்கள். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் எலும்பும் அரித்துவிடும், மூன்று மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள் என்றார் டாக்டர்.

முதல் ஆபரேஷன் செய்த அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். காப்பீட்டு மேசையில் இருந்த பெண் நல்லவள். என் மகள் வயதுதான் இருக்கும். கார்டைப் பார்த்தாள், ரேஷன் கார்டைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் தட்டினாள். "பழைய ஆபரேஷன் ஆக்சிடென்டாம்மா? அதுக்கு ஏதாச்சும் நஷ்டஈடு வாங்குனீங்களா?" என்று கேட்டாள்.

நான் என் கோப்பு முழுவதையும் மேசை மேல் வைத்தேன். தேதி வாரியாக அடுக்கி, ஓரத்தில் எண் போட்டது. தீர்ப்பின் நகல் எட்டாவது. அந்தப் பெண் அதில் எதிர்கால மருத்துவச் செலவு என்ற வரியைப் படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து மேலே அனுப்பினாள்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. இந்தச் சிகிச்சைக்கென்றே நீதிமன்றம் தனியாகத் தொகை ஒதுக்கியிருக்கிறது. ஆகவே நோயாளி முதலில் அதைச் செலவழிக்க வேண்டும். கார்டில் அனுமதி இல்லை.

"ஏம்மா அதைப் போய்க் காட்டுனீங்க?" என்றார் டாக்டர். நர்சும் அதையே கேட்டார். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டிலும் அதே கேள்வி. என் கணவர்கூட, "கேட்டா இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றார். உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சூட்சுமம் எனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டதைப் போலப் பேசினார்கள். நான் பொய்யே சொல்லாத உத்தமி இல்லை. ஆனால் கையில் தாளை வைத்துக்கொண்டு அதில் இருப்பதை இல்லை என்று சொல்ல எனக்கு வராது.

யோசித்துப் பார்த்தால் கார்டுக்காரர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. வேன்காரனின் இன்சூரன்ஸ் கொடுத்த பணம் இருக்கும்போது அரசாங்கம் ஏன் கொடுக்க வேண்டும்? அரசாங்கக் காசில் இன்னொருத்திக்கு ஆபரேஷன் நடக்கலாம். நான் அதை ஒத்துக்கொண்டேன். காப்பீட்டு மேசைப் பெண்ணும், "அந்தப் பணத்தைச் செலவு பண்ணுனதுக்கு பில்லெல்லாம் வச்சிருங்கம்மா. அது தீந்தப்புறம் அந்தக் கால்ல வேற ஏதாச்சும் வந்தா, கார்டுல திரும்பப் போட்டுப் பாக்கலாம்" என்று சொன்னாள். சரி, என் பணத்தை எடுத்து ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்றேன். ஒதுக்கி வைத்ததே அதற்குத்தானே. வங்கியில் வட்டியோடு சேர்ந்து, ஆபரேஷன் செலவுக்குக் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. இனி என்ன தடை என்று நினைத்தேன்.

வங்கியில், கோர்ட் உத்தரவு வேண்டும் என்றார்கள். தெரிந்ததுதான். வக்கீலம்மா, மனுவோடு வைக்க ஆஸ்பத்திரியின் செலவு மதிப்பீடு வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால், "உங்க பேரு கார்டு பேஷண்ட்டா ஏறியிருக்கும்மா. கார்டு பேஷண்டுக்கு நாங்க எஸ்டிமேட் தர முடியாது" என்றார்கள். கார்டுதான் மறுத்துவிட்டார்களே என்றேன். மறுத்தது கம்ப்யூட்டரில் வந்திருக்கிறது, அந்தக் கேஸை மேலே மூடினால்தான் இங்கே மாற்ற முடியும் என்றார்கள். மேலே என்பது எந்த ஊர் என்று கேட்டேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கேஸை மூட ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் வாரத்துக்கு ஒரு நாள் அரைநாள் லீவு போட்டு, கைத்தடியோடு போய் அந்த வரிசையில் நின்றேன். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுவது பெரும்பாடு, அதனால் நின்றேன். மதிப்பீடு கிடைத்த பிறகு மனு. மனுவை எடுத்துக்கொள்ள நாள். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்று இன்னொரு நாள். கடைசியில் நீதிபதி முன் போனபோது ஐந்து நிமிடம்தான். மதிப்பீட்டைப் பார்த்தார், என் கைத்தடியைப் பார்த்தார். பணத்தை நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி வங்கிக்கு உத்தரவு போட்டார். நீதிமன்ற வாசலில் டீ குடித்தபோது என் கணவர், "முடிஞ்சுது" என்றார். அவர் வாயிலிருந்து அந்த மாதிரி வார்த்தை வருவதே அபூர்வம்.

உத்தரவையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனோம். மேசையில் இருந்த அதிகாரி உத்தரவைப் படித்து, சரி என்றார். ரசீதைக் கையில் வாங்கினார். திருப்பினார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இதுல எங்கம்மா கையெழுத்துப் போடுவீங்க?"

ரசீதில் கையெழுத்து எதற்கு, அதுதான் கோர்ட் உத்தரவு இருக்கிறதே என்றேன். உத்தரவு பணத்தைத் தரச் சொல்கிறது, ரசீதை முடிக்க நீங்கள் பின்பக்கம் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்றார். பிளாஸ்டிக் மேலேயே போடுகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவள் எதுவும் தெரியாத மனுஷி போலிருக்கிறது என்ற பரிதாபம் இருந்தது. தாளோடு முப்பது வருடம் பிழைத்தவளுக்கு அது பொறுக்கவில்லை.

"யாரும்மா இதுக்குப் போயி லேமினேஷன் போட்டுக் குடுத்தது? அந்தக் கடைக்காரனுக்கு அறிவு வேணாம்?" என்றார்.

நான் ரசீதை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வைத்துப் பிரிக்கலாம் என்றார் என் கணவர். பிரித்தால் எழுத்தும் மையும் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் கடையில் ஒரு பழைய நகலை ஒட்டிப் பிரித்துப் பார்த்தேன். பாதி எழுத்து வந்துவிட்டது. ஆகவே வங்கியில் நகல் ரசீது வாங்குவதுதான் வழி. அதற்கு முத்திரைத்தாளில் உறுதிமொழி. கூடவே அதே கிளையில் கணக்கு வைத்திருக்கிற, எங்கள் வீட்டில் குடியிருக்காத ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்.

கடை முதலாளியிடம் கேட்டேன். அவருக்கு அந்தக் கிளையில் கணக்கு இருக்கிறது. "வேற எதுவேணாலும் கேளுங்கம்மா. ஜாமீன் மட்டும் போட மாட்டேன்னு எங்கப்பாட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார். பெரியப்பா மகனுக்குப் போன் செய்தேன். மேனேஜரைத் தெரிந்தவராயிற்றே. விஷயத்தைக் கேட்டுவிட்டு, வெளியூரில் இருக்கிறேன், வந்ததும் கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடவில்லை. பார்க்கிறேன், கேட்டுச் சொல்கிறேன், அவர் வரட்டும் என்று ஒவ்வொருவராக எனக்குச் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு டாக்டர் கொடுத்த மூன்று மாதம் தாண்டி ஏழாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இடுப்பு வலியைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வங்கி மேல், கார்டு மேல், சொந்தக்காரர்கள் மேல் என்று தினம் ஒருவராக மாற்றிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது என் கணவர் தலையை நிமிர்த்தாமல், "தங்கச்சிக்கு அந்தக் கிளையிலதான் கணக்கு" என்றார்.

எனக்குத் தெரியும். அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததே நான்தான். கொடிக்கால் நன்றாக இருந்த காலத்தில், மண்டிக்காசு நேராகக் கணக்கில் விழட்டும் என்று அவளைக் காளவாசலுக்கு வரவழைத்து, படிவத்தை நானே நிரப்பி, கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். தெரிந்துதான் அவள் பெயரை நினைக்காமல் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

"நீங்க கேளுங்க" என்றேன்.

"ரசீத நீ ஒட்டுன. நீயே கேளு" என்றார் அவர்.

இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அவர் என்னை வார்த்தையால் சுட்டது அந்த ஒரு தடவைதான். போனை எடுத்தேன். விஷயத்தைச் சொல்லத் தொடங்கி, நடுவில் எங்கெங்கோ போய், ஒருவழியாக முடித்தேன். "எந்தக் கெளம மதினி?" என்று மட்டும் கேட்டாள். வியாழன் என்றேன். "வாரேன்" என்றாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு முன்பே வங்கி வாசலில் நின்றாள். கறுத்து, மெலிந்திருந்தாள். என் கைத்தடியைப் பார்த்துவிட்டு அவளே வந்து மறுகையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து, ஜாமீன் படிவத்தை மடியில் வைத்து நான் நிரப்பத் தொடங்கினேன். அவள் பெயர், கணவர் பெயர், ஊர் எல்லாம் கேட்காமலே எழுதினேன். அடுத்து தொழில். அந்தக் கணக்கைத் தொடங்கியபோது எழுதியது கைக்கு ஞாபகம் இருந்தது. விவசாயம் என்று எழுத 'வி' போட்டுவிட்டேன்.

அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். குனிந்து பார்த்தாள்.

"கூலின்னு போடுங்க மதினி" என்றாள்.

பேனா நின்றுவிட்டது.

"கொடிக்கால அந்த வருசமே விட்டுட்டோம்ல. வேற ஆளு எடுத்துக்கிட்டாக. அங்கதான் இப்ப எல கிள்ளப் போறேன். தப்பா எழுதி, அதுக்கும் ஏதாச்சும் கேட்டு வச்சாங்கன்னா ஒங்களுக்குத்தான் செரமம்."

என் கணவருக்கு இது தெரியும். மண்டியில் யார் கொடிக்கால் யார் கைக்குப் போனது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆறு வருடம் என்னிடம் சொல்லவில்லை. நானும் ஆறு வருடம் கேட்கவில்லை. நான் அந்த 'வி'யை அடித்து, பக்கத்தில் கூலி என்று எழுதினேன். அடித்தல் இருந்தால் சுருக்கொப்பம் போட வேண்டும். அவள் அதிலும் ஒரு கையெழுத்துப் போட்டாள். அவள் விரல் நுனிகள் வெற்றிலைக் காம்பு கிள்ளிக் கிள்ளிக் கறுத்திருந்தன. கூலிக்காரி ஜாமீன் செல்லுமா என்ற சந்தேகத்தோடுதான் படிவத்தை நீட்டினேன். அதிகாரி படித்துப் பார்த்து, கணக்கு இருக்கிறது, போதும் என்று வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. "பஸ்ஸு வந்துரும் மதினி" என்றாள் அவள். "ஆபரேசன் எப்பன்னு சொல்லுங்க. அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில ஒண்ணும் புரியாது, நான் வந்து கூட இருக்கேன். எல கிள்ளாத நாளாப் பாத்து வச்சா ஒருநாக் கூலி போகாது, அம்புட்டுத்தான்."

பதினைந்து நாளில் பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போது, "எந்தக் கிழமை உங்களுக்குத் தோதுப்படும்?" என்று டாக்டர் கேட்டார். மற்றவர்கள் அவரிடம் வளர்பிறை கேட்பார்கள், அஷ்டமி நவமி வேண்டாம் என்பார்கள். சோழவந்தானில் வெற்றிலை கிள்ளாத நாளாகக் கொடுங்கள் டாக்டர் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நாள்காட்டியைப் புரட்டினார். தியேட்டர் காலியாக இருந்தது செவ்வாய்க்கிழமைதான். அதை விட்டால் இன்னும் மூன்று வாரம்.

வெளியே வந்து அவளுக்குப் போன் செய்தேன்.

"செவ்வாயா? செவ்வாய் எங்களுக்கு எல உண்டு மதினி" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள், "பரவாயில்ல, வாரேன்" என்றாள்.